செய்திக்கேற்ற புலம்: வலைச் செயலிகளில் தரவு வகைகளைத் தேர்ந்தெடுத்தல்

களப்பணியாளர் கைப்பேசியில் நிரப்பும் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்திற்கும் பின்னால், தரவுத்தளத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அவ்விடத்திற்குப் புலம் என்று பெயர். ஒரு பள்ளி, ஒரு மாணவர், ஒரு மழைமானி நிலையம் என்றாற்போன்ற ஒரு பொருளைப் பற்றிய புலங்களை ஒருங்கே தொகுத்து வரையறுக்கும் அமைப்பை மாதிரி என்பர். வலைச் செயலிகளைக் கட்டுவதற்கு உதவும் மென்பொருட் சட்டகங்கள் பல உள. அவற்றுள் 2005-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஜாங்கோ என்பது பரவலாகக் கையாளப்படுவது. இக்கட்டுரையில் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிற சட்டகங்களில் பெயர்கள் வேறுபடினும் கருத்து ஒன்றே.

புலம் என்னும் சொல்லுக்குத் தமிழில் வயல் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லுக்கும் அதுவே முதற்பொருள். மொழிபெயர்ப்போர்க்கு இத்தகைய பொருத்தம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

புலத்தின் வகையை முடிவு செய்வது நிரலாளரின் வேலையன்றோ, ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் இதில் என்ன பங்கு என்று வாசகர்கள் வினவலாம். புலத்திற்குள் வரவிருக்கும் செய்தி எத்தகையது என்பதை நிரலாளர் அறியார், நீங்களே அறிவீர்கள். செயலி உருவாகுமுன் நடைபெறும் கலந்தாய்வில், “இக்கட்டத்தில் எண்தானே வரும்?” என்று அவர் கேட்பார். ஆம் என்று ஒரு சொல்லில் நீங்கள் விடையளித்தால் பின்னர் பல்லாயிரம் பதிவுகள் பழுதுபடக்கூடும். அவ்வினாவை எவ்வாறு ஆராய்ந்து விடை கூறுவது என்பதே இங்கு நாம் கற்கவேண்டுவது.

இலக்கங்களால் எழுதப்படுவன எல்லாம் எண்கள் அல்ல. பள்ளிக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுப் பள்ளிகளுக்கு 11 இலக்கங்கள் கொண்ட யூடைஸ் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தையும், அடுத்த இரண்டு மாவட்டத்தையும், அதற்கடுத்த இரண்டு வட்டாரத்தையும், பின்வரும் மூன்று சிற்றூரையும், இறுதி இரண்டு பள்ளியையும் குறிக்கும். தமிழ்நாட்டிற்குரிய எண் 33. உத்தரப் பிரதேசத்திற்குரியது 09, இராஜஸ்தானுக்குரியது 08. இக்குறியீட்டை முழு எண் வகைப் புலத்தில் வைத்தால், முன்னிற்கும் பூச்சியத்திற்கு மதிப்பில்லை என்று கணினி அதனை நீக்கிவிடும். அதன்பின் உத்தரப் பிரதேசப் பள்ளி ஒன்றின் குறியீடு 10 இலக்கங்களாகக் குறுகி நிற்கும். முதல் இரண்டு இலக்கங்களைக் கொண்டு மாநிலத்தைக் கண்டறியும் நிரல், அப்பள்ளியை அதற்குரிய மாநிலத்தின் கணக்கில் சேர்க்காது விட்டுவிடும். பள்ளிக்கு வரவேண்டிய பாடநூல்களும் உதவித்தொகையும் இக்குறியீட்டைக் கொண்டே கணக்கிடப்படுமாயின், தவற்றின் பயனை அனுபவிப்பவர் அங்குப் பயிலும் சிறுவரேயாவர்.

இங்கு மற்றுமோர் இடர் மறைந்துள்ளது. ஜாங்கோவில் சாதாரண முழு எண் புலம் கொள்ளத்தக்க மிகப் பெரிய எண் 2,14,74,83,647 ஆகும். 32 இருமக் கூறுகளில் அடங்கும் எல்லை இது. ஜம்மு காஷ்மீரின் 01 எனத் தொடங்கும் பள்ளிக் குறியீடு இவ்வெல்லைக்குள் அடங்கிவிடும். 09 எனத் தொடங்குவதும் 33 எனத் தொடங்குவதும் அடங்கா. ஆகவே ஒரு மாநிலத்தில் சோதித்து நன்று எனக் கண்ட செயலி மற்றொரு மாநிலத்தில் முதல் நாளே நின்றுபோகலாம். கைப்பேசி எண்களுக்கும் இதே நிலைதான். அவை 10 இலக்கங்கள் கொண்டவை. 6, 7, 8, 9 என்பவற்றுள் ஒன்றில் தொடங்குபவை. ஆதலால் ஒன்றுகூட இவ்வெல்லைக்குள் அடங்குவதில்லை. சில தரவுத்தளங்கள் இத்தகைய எண்ணை ஏற்க மறுத்துப் பிழையெனத் தெரிவிக்கும். அவ்வாறு தெரிவிப்பது நல்வினையே. மைஎஸ்கியூஎல் கண்டிப்பற்ற முறையில் இயங்கும்பொழுது பிழை கூறாது, தன் எல்லை எண்ணையே எழுதி வைத்துவிடும். அந்நிலையில் ஊரிலுள்ளார் அனைவர்க்கும் 2147483647 என்ற ஒரே தொலைபேசி எண் அமைந்திருப்பதைக் காணலாம்.

அஞ்சல் குறியீட்டு எண் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் இலக்கம் ஒருபோதும் பூச்சியமாக இராது. ஆறே இலக்கங்களாதலின் எல்லையையும் மீறாது. அங்ஙனமாயின் அதனை முழு எண்ணாக வைப்பதில் தீங்கென்ன என்று கேட்கலாம். இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு ஒரு சோதனை உண்டு. இரண்டு அஞ்சல் எண்களைக் கூட்டுவோமா? ஒரு மாவட்டத்தின் அஞ்சல் எண்களுக்குச் சராசரி காண்போமா? காணமாட்டோம். அவ்வெண்ணைக் கொண்டு நாம் செய்வதெல்லாம் முழுதும் ஒப்பிடுதல், அல்லது தொடக்க இலக்கங்களைக் கொண்டு தேடுதல். 6 எனத் தொடங்குவன தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய பகுதிகளுக்குரியவை என்று பிரிப்பது எழுத்தின்மேற் செய்யும் வேலையே. கூட்டவும் கழிக்கவும் தேவையில்லாத இலக்கத் தொடரை எழுத்துப் புலத்தில், அஃதாவது சார்ஃபீல்டு என்ற வகையில், வைப்பதே முறை. இலக்கம் அல்லாத எழுத்து நுழையாதவாறும், இலக்கங்களின் எண்ணிக்கை குறையாதவாறும் காப்பதற்குத் தனிச் சரிபார்ப்பு விதிகளை உடன் சேர்த்தல் வேண்டும்.

வகையைத் தவறாக ஊகித்ததன் விளைவை அறிவியல் உலகமே பட்டறிந்தது. மனித மரபணுக்களுள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச் 1, செப்ட் 1 என்பன போல் அமைந்திருந்தன. எக்செல் விரிதாள் அவற்றை நாட்களெனக் கருதித் தேதியாக மாற்றிவிட்டது. விரிதாளில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை காணப்படுவதாக 2016-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. இறுதியில், 2020-ஆம் ஆண்டு மரபணுப் பெயரீட்டுக் குழுவினர் அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்றினர். கருவிக்காகப் பொருளின் பெயரை மாற்ற நேர்ந்தது! களப்பணியாளர்கள் யூடைஸ் குறியீட்டையும் வங்கிக் கணக்கு எண்ணையும் விரிதாளில் தொகுத்துப் பின்னர் செயலியில் ஏற்றுவது வழக்கம். விரிதாள் எண்களில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே பிழையின்றிக் காக்கும். 16-ஆம் இலக்கம் பூச்சியமாகிவிடும். எனவே அங்கும் அந்நிரலை எழுத்து வகையென முன்னரே குறித்துவிடுதல் நலம்.

இனி, மெய்யாகவே எண்ணாக விளங்கும் செய்திகளைக் காண்போம். மாணவர் எண்ணிக்கை, வகுப்பறைகளின் எண்ணிக்கை போன்று எண்ணிப் பெறுவன முழு எண்கள். எதிர்மறை எண்ணை ஏற்காத முழு எண் புலம் இவற்றிற்குப் போதும். எடையும் உயரமும் போன்று அளந்து பெறுவனவற்றிற்கு மிதவை எண் தகும். பணத்திற்கு மட்டும் மிதவை எண் தகாது. கணினி மிதவை எண்களை இரும முறையில் வைக்கிறது. பத்தில் ஒன்று என்னும் பின்னம் இரும முறையில் முடிவுறாது நீளும். ஆதலின் அது மிகச் சிறிய பிழையுடனேயே பதிவாகும். 10 பைசாவை 0.1 ரூபாய் என மிதவை எண்ணாக எழுதிப் பத்து முறை கூட்டிப் பார்த்தால், விடை ஒரு ரூபாயாக வராது, 0.9999999999999999 என வரும். ஒரு பற்றுச்சீட்டில் இது புலப்படாது. ஓராண்டுக் கணக்கை முடித்துத் தணிக்கையாளர் முன் வைக்கும்பொழுது, கூட்டுத்தொகை பைசாக் கணக்கில் ஒத்துவராது நிற்கும். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் நம் நாணயம் தசம முறைக்கு மாறியது. பழைய முறையில் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கான அணாவோ இரும முறையில் ஒரு சிறிதும் பிழையின்றி அடங்கக்கூடியது என்பது ஒரு வேடிக்கை.

பணத்திற்குரியது தசமப் புலம், ஜாங்கோவில் டெசிமல்ஃபீல்டு. இதில் மொத்த இலக்கங்கள் எத்தனை, அவற்றுள் புள்ளிக்குப் பின் எத்தனை என்று முன்கூட்டியே கூறுதல் வேண்டும். மொத்தம் 10, புள்ளிக்குப் பின் 2 என்று வகுத்தால், பதியத்தக்க மிகப் பெரிய தொகை 9,99,99,999.99 ரூபாய். ஒரு பள்ளியின் செலவிற்கு இது மிகையாகவே போதும். மாவட்டம் முழுவதற்குமான ஒதுக்கீட்டிற்குப் போதாமற் போகலாம். எவ்வளவு பெரிய தொகை வரக்கூடும் என்பதைக் கூறவேண்டியவரும் நீங்களே.

அளவைப் புலங்களுள் மிகுந்த கவனத்திற்குரியது மழையளவு. மழைமானியில் ஒரு நாள் ஒரு துளியும் விழவில்லையெனில் அளவு பூச்சியம். அளப்பவர் வரவில்லையெனில் அளவே இல்லை. இவ்விரண்டும் வெவ்வேறு செய்திகள். புலத்தை வரையறுக்கும்போது, நிரப்பாது விட்டால் பூச்சியம் எனக் கொள்க என்று எழுதுவோர் உளர்; அவ்வாறு எழுதியவுடன் இவ்வேறுபாடு அழிந்துவிடுகிறது. ஐந்து நாட்களில் 12, 0, அளக்கவில்லை, 8, 0 மில்லிமீட்டர் என்று பதிவு வந்ததாகக் கொள்வோம். அளந்த நான்கு நாட்களுக்குச் சராசரி 5 மில்லிமீட்டர். அளவாத நாளையும் பூச்சியமாக எண்ணினால் 4 மில்லிமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு மழை ஏட்டளவில் மறைந்துவிட்டது. இதன் மறுதலையும் நிகழக்கூடும். மழையில்லாத நாட்களில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கட்டத்தை வெறுமையாக விடும் அளவர் ஒருவரது பதிவுகளில், மழை பெய்த நாட்கள் மட்டுமே சராசரியிற் சேரும். வறண்ட ஊர் ஏட்டில் செழிப்பாகத் தோன்றும். மத்திய வேளாண் அமைச்சகம் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேட்டில் மழைக் குறைவு கட்டாயக் குறியீடாகக் கொள்ளப்பட்டுள்ளது. ஆதலின் இக்கட்டம் உழவரின் நிவாரணத்தோடு நேரே தொடர்புடையது. இப்புலம் வெறுமையை ஏற்பதாகவும், இயல்பு மதிப்பு ஏதும் இல்லாததாகவும் இருத்தல் வேண்டும். பூச்சியத்தைப் பணியாளர் தம் கையால் எழுதுதல் வேண்டும். அளக்க இயலாத அளவிற்குச் சிறு தூறல் விழுந்த நாளுக்கும், அளவாத நாளின் காரணத்திற்கும் தனிப் புலம் ஒன்று அமைத்தல் சாலச் சிறந்தது.

மழைப் பதிவின் தேதியும் ஆராயத்தக்கது. இந்திய வானிலைத் துறையின் முறைப்படி, காலை 8.30 மணிக்கு மழைமானி பார்க்கப்படுகிறது. அதற்கு முந்திய 24 மணி நேரத்து மழை அன்றைய தேதியில் எழுதப்படுகிறது. ஜூலை 14-ஆம் நாள் மாலை பெய்த மழை ஜூலை 15-ஆம் நாளுக்குரியதாகும். எனவே இங்கு வேண்டப்படுவது அளவு எந்நாளைக்குரியது என்னும் தேதிப் புலமே. பணியாளர் செயலியில் பதிவிட்ட நேரத்தை வேண்டுமாயின் வேறொரு தேதி-நேரப் புலத்தில் கணினி தானே குறித்துக்கொள்ளட்டும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் கூடாது. பிணையம் கிடைக்காத சிற்றூரிலிருந்து மூன்று நாட்கள் கழித்து வந்து சேரும் பதிவுகள், வந்த நாளின் மழையாகிவிடும்.

தேதி-நேரப் புலம் பற்றி மற்றுமொரு செய்தி. கணினிகள் நேரத்தைப் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வைக்கின்றன; நமது நேரம் அதற்கு 5.30 மணி முன்னிற்பது. ஜூலை 2-ஆம் நாள் விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தையின் பிறப்பு, பொது நேரத்தில் ஜூலை 1-ஆம் நாள் இரவு 9.30 மணி. நேரத்தை நீக்கித் தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் குழந்தைக்கு ஒரு நாள் வயது கூடிவிடும். பிறந்த தேதியை நேரமற்ற தேதிப் புலத்திலேயே வைத்தல் வேண்டும்.

வயதைப் புலமாக வைக்கலாமா எனின், ஆகாது. வயது ஆண்டுதோறும் மாறுவது. பிறந்த தேதி மாறாதது. மாறாததைப் பதிந்து மாறுவதைக் கணக்கிட்டுக்கொள்வது நூலளவில் நல்ல விதி. எனினும் களத்தில் நிலைமை வேறு. பிறந்த தேதியை அறியாத முதியோர் பலர். அவர்களிடம் தேதிப் புலம் ஒன்றைக் கட்டாயமாக நிரப்பச் சொன்னால், பணியாளர் ஜனவரி 1 என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டிற்குச் செல்வார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. புலம் அவரைப் பொய் எழுதச் செய்தது. பள்ளியிற் சேர்க்கும் பருவத்தை ஒட்டி ஆசிரியரே பிறந்த தேதி ஒன்றைக் குறித்துவிட்ட அக்காலத்து வழக்கமும் ஊரறிந்ததே. ஆதார் பதிவில் இதற்கொரு வழி கண்டனர். பிறந்த தேதி சான்றால் உறுதி செய்யப்பட்டதா, சொல்லக் கேட்டு எழுதியதா, தோராயமானதா என்னும் குறிப்பும் உடன் பதியப்பட்டது. ஆண்டு மட்டுமே தெரிந்தவர்க்கு அட்டையில் பிறந்த ஆண்டு மட்டும் அச்சிடப்பட்டது. நம் செயலிகளிலும் பிறந்த ஆண்டிற்கு முழு எண் புலம் ஒன்று, வெறுமையை ஏற்கும் தேதிப் புலம் ஒன்று, அறிந்த விதத்தைக் குறிக்கும் தெரிவுப் புலம் ஒன்று என மூன்று வைத்தல் தகும். புலங்கள் மிகுகின்றனவே என்று நிரலாளர் தயங்கினால், ஜனவரி 1-இல் பிறந்தோரின் எண்ணிக்கையைப் பழைய பதிவேட்டில் எண்ணிப் பார்க்கும்படி அவரிடம் கூறலாம்.

ஆம் அல்லது இல்லை என்னும் இரண்டே விடைகளைக் கொள்ளும் புலம் எளிமையால் நம்மைக் கவர்வது. பள்ளியில் குடிநீர் உண்டா என்ற வினாவிற்குக்கூட, உண்டு ஆனால் கோடையில் இல்லை என்னும் விடை வரக்கூடும். பாலினத்தை ஆணா அன்றா என்ற இருநிலைப் புலமாக வகுத்த அமைப்புகள், 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஆண் 1, பெண் 2, பிறர் 3 எனக் குறியிட்டபொழுது அடியோடு பொருந்தாமற் போயின. அக்கணக்கெடுப்பில் மூன்றாம் குறியின்கீழ் எண்ணப்பட்டோர் 4,87,803 பேர். இத்துணைப் பேருக்கு ஏட்டில் இடமளிக்காத புலத்தை எளிமையென்று எவ்வாறு கூறுவது? மூன்றாம் விடை என்றேனும் வரக்கூடும் என்று தோன்றினால், தொடக்கத்திலேயே தெரிவுப் புலத்தை அமைத்துவிடுவது நலம்.

பெயர்ப் புலத்தில் தமிழர்க்குத் தனி இடர் உண்டு. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டாயப் புலங்களை வைத்தால், தந்தையின் பெயரெழுத்தை மட்டும் முன்னொட்டாகக் கொண்டவர் தம் பெயரை எங்ஙனம் பிளப்பார்? முழுப்பெயர் என்னும் ஒரே புலம் போதும். அதன் நீளத்தைத் தாராளமாக அமைத்தல் வேண்டும். தமிழ் என்ற சொல்லில் நாம் காணும் எழுத்துகள் மூன்று. யூனிகோடு முறையில் அவை ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். 30 எழுத்து என்று வரையறுத்த புலத்தில் 30 தமிழ் எழுத்துகள் அடங்கமாட்டா. மேலும் ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரு பகுதிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். தேடும்பொழுது கணினி இரண்டையும் வேறெனக் கொள்ளும். சேமிக்குமுன் யூனிகோடு ஒழுங்காக்கம் செய்யுமாறு நிரலாளரிடம் கூறுதல் வேண்டும்.

கிணறு, பள்ளி முதலியவற்றின் இருப்பிடத்தைக் குறிக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப் பதிவாவது அன்றாட நிகழ்ச்சி. நம் நாட்டின் அட்சரேகை 6 பாகை முதல் 38 பாகைக்குள்ளும், தீர்க்கரேகை 68 முதல் 98 பாகைக்குள்ளும் அடங்குவன. இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று தொடாமையால், புலங்களுக்கு இவ்வெல்லைகளை விதித்த அளவிலேயே இடமாற்றப் பிழை முற்றும் அகன்றுவிடும்.

மாவட்டம், வட்டாரம் ஆகியவற்றின் பெயர்களை எழுத்தாக எழுதவிடலாகாது. திருச்சி, திருச்சிராப்பள்ளி என்று ஒரே ஊர் இரண்டாகும். மாவட்டங்களுக்குத் தனி மாதிரி ஒன்று அமைத்து, பள்ளியின் பதிவிலிருந்து அதனைச் சுட்டும் இணைப்புப் புலம் வைப்பதே முறை. 2018-ஆம் ஆண்டு அலகாபாத் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாறியபொழுது, இவ்வாறு அமைந்த செயலிகளில் ஒரே வரியைத் திருத்தினால் போதுமானதாயிற்று. மாநில எல்லைகளும் மாறுவன. 2014-இல் தெலங்கானாவும் 2019-இல் இலடாக்கும் தனிப் பகுதிகளாயின. ஆகவே இடத்தின் அடையாளத்தைத் தன்னுள் கொண்ட குறியீட்டையே பதிவின் முதன்மை அடையாளமாக்குதல் அறிவுடைமையன்று. பொருளற்ற வரிசை எண்ணே அதற்குத் தக்கது. இணைப்புப் புலத்தை அமைக்கும்பொழுது, சுட்டப்படும் பதிவு நீக்கப்பட்டால் சுட்டும் பதிவுகளை என்ன செய்வது என்று ஜாங்கோ கேட்கும். உடன் நீக்குக என்பது ஒரு விடை. நீக்கத்தைத் தடுக்க என்பது மற்றொன்று. முன்னதைத் தேர்ந்திருப்பின், இருமுறை பதிந்துவிட்ட மாவட்டப் பெயருள் ஒன்றை அலுவலர் ஒருவர் அழித்தவுடன் அதனைச் சுட்டிய பள்ளிகள் அனைத்தும் சொல்லாமல் மறையும். நிர்வாகப் பதிவுகளுக்குத் தடுத்தலே உரியது.

நீண்ட குறிப்புகளுக்கு நெடுவுரைப் புலம் உள்ளது. புகைப்படத்திற்குரிய புலத்தில் படம் வைக்கப்படுவதில்லை. அது கோப்பகத்தில் இருக்கும் இடம் மட்டுமே எழுதப்படும். இவற்றில் ஐயத்திற்கு இடமில்லை.

பயன்பாட்டிற்கு வந்தபின் புலத்தின் வகையை மாற்ற இயலுமா என்பது எஞ்சிய வினா. இயலும், ஜாங்கோவில் அதற்கென இடப்பெயர்வு என்னும் முறை உண்டு. ஆனால் அது வகையை மாற்றுமே தவிர, இழந்த செய்தியை மீட்டுத் தாராது. யூடைஸ் குறியீடு எப்பொழுதும் 11 இலக்கம் கொண்டதாதலின், இழந்த பூச்சியத்தை முன்னே சேர்த்து நிரப்பிவிடலாம். பூச்சியமாகிப்போன அளவாத நாளை மீட்க வழியில்லை. அந்நாளில் மழைமானியின் அருகே யார் இருந்தார் என்று இனி எவரைக் கேட்பது? ஆதலால் புதிய செயலி ஒன்றின் படிவ வரைவு உங்கள் பார்வைக்கு வரும்பொழுது, சென்ற ஆண்டின் தாட்பதிவேட்டிலிருந்து ஒழுங்கான பக்கத்தை எடுக்காது, அடித்தலும் ஓரக்குறிப்பும் மிகுந்த பக்கம் ஒன்றைத் தேர்ந்து, அதிலுள்ள ஒவ்வொரு பதிவையும் அப்படிவத்தில் இட்டுப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் உண்மையை எழுத இயலவில்லையோ, அந்தக் கட்டத்தைச் சுட்டி நிரலாளருக்கு எழுதியனுப்புங்கள்.